கைகாட்டியும் ஒரு கண்ணாடிப் பாக்கியும்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பத்தொரு நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று சந்தித்த இருவரில் ஒருவர் அதை உடனே எழுதி வைத்துவிட்டார் என்பதுதான். மற்றவள் எதையும் எழுதும் நிலையில் இல்லை. ஆறு மணிக்குப் பணிமனையிலிருந்து கிளம்பும் முதல் பேருந்துக்கு அவள்தான் நடத்துநர். ஒரு கையில் பயணச்சீட்டு இயந்திரம், மறு கையில் பாதி கடித்த ரொட்டி, காலில் கட்டாத காலணி நாடா. கதவை முதுகால் இழுத்துச் சாத்திவிட்டுப் படியிறங்கத் திரும்பியபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் கையில் முக்கோணமாக உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது.

"ஏம்மா, முந்தாநாள் அஞ்சு நாப்பத்தஞ்சு. நேத்து அஞ்சு முப்பத்தெட்டு. இன்னிக்கு அஞ்சு நாப்பத்தொண்ணு. நேரம்னு ஒண்ணு உனக்கு உண்டா, இல்ல தோணின நேரத்துக்குத்தான் கிளம்புவியா?"

அவள் அங்கே குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"ஐயா, நீங்க போலீஸா?"

"ரயில்வே."

"நான் கதவைச் சாத்தினா ரயிலுக்கு என்ன?"

"ரயிலுக்கு ஒண்ணுமில்ல. என் கண்ணாடிக்குத்தான்."

விஷயம் இதுதான். அவளுடைய வாசற்கதவின் சட்டமும் அவருடைய குளியலறை ஆணியும் ஒரே சுவரில் இருந்தன. அவள் கதவைச் சாத்தும்போதெல்லாம் ஆணியில் தொங்கிய கண்ணாடி குதித்தது. மூன்று நாள் குதித்துப் பார்த்துவிட்டு நான்காம் நாள் கீழே விழுந்துவிட்டது. அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலமே புதிதாக ஒன்று வாங்கித் தந்துவிடுவதாகச் சொன்னாள்.

"அது அப்புறம். மெதுவா சாத்துன்னு நான் சொல்ல வரல. அவசரத்துல இருக்கறவங்ககிட்ட மெதுவான்னு சொன்னா காதுல ஏறாது. நீ எத்தனை மணிக்குக் கிளம்புவேன்னு மட்டும் சொல்லிடு. அந்த நேரத்துக்கு நான் கண்ணாடியை ஆணியிலேர்ந்து இறக்கிக் கையில வச்சுக்கறேன்."

தவறு செய்தவரிடம் கால அட்டவணை கேட்கும் மனிதரை அவள் தன் இருபத்தாறு வயதில் பார்த்ததில்லை. சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் படியிறங்கி ஓடினாள். அன்று மாலை ஒரு கையில் வாராந்தரப் பணிப்பட்டியலின் நகலும் மறு கையில் காகிதம் பிரிக்காத புதுக் கண்ணாடியுமாக அவர் கதவைத் தட்டினாள். அவர் பட்டியலை வாங்கிக்கொண்டார், கண்ணாடியைத் தொடவில்லை.

"உடைச்சது பாக்கி. எனக்கு வேணும்போது நானே கேட்டு வாங்கிக்கறேன். கேக்காம குடுத்தா பாக்கி தீராது."

"ஏன் தீராது?"

"தீந்துட்டா நாளைலேர்ந்து மறுபடி டமால்னு சாத்துவ. பாக்கி இருக்கற வரைக்கும் கை தானா மெதுவா வரும்."

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் அதை முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார். பெரியவர் அந்த முக்கோணத் துண்டைக் கைகழுவும் தொட்டியின் மேல் சாய்த்து வைத்துச் சவரம் செய்யத் தொடங்கினார். அதில் ஒரு நேரத்தில் பாதி முகம்தான் தெரியும்.

கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கைகாட்டி என்றே சொன்னார்கள். பெயர் சூட்டியவர் கீழ்த்தளத்தில் பூட்டுக் கடை வைத்திருந்தவர். மாற்றுச் சாவி செய்வதும், சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்துகொடுப்பதும் அவர் தொழில். ரயில் சிக்னல் மரத்தின் பெயர்தான் அது; பெரியவர் மறுக்கவில்லை. ரயில் சந்திப்பு ஒன்றின் சிக்னல் கேபினில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். தண்டவாளத்தை ஒட்டி, சுற்றிலும் சன்னல் வைத்த ஒரு மாடி அறை. அதில் வரிசையாக இருபத்திரண்டு நெம்புகோல்கள், ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு, பக்கத்துக் கேபினோடு பேசுவதற்கு ஒரு மணி. பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி. வண்டி எல்லையைக் கடந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் அந்த வரியின் ஓரத்தில் ஒரு சாய்கோடு இழுக்க வேண்டும். ஓய்வு பெற்று வந்த பின்னும் இந்தப் பழக்கம் அவரை விடவில்லை. குழாய்க்காரர் வருவதாகச் சொன்னால் வீட்டுப் பதிவேட்டில் ஒரு வரி. வந்து பழுது பார்த்துவிட்டுப் போனால் ஒரு கோடு. மருந்துக் கடைக்குச் சொல்லி அனுப்பினால் ஒரு வரி; மருந்து கைக்கு வந்தால் ஒரு கோடு. அந்தச் செவ்வாய்க்கிழமையின் வரி இப்படி இருந்தது: '5.41. பக்கத்து வீடு. கதவு, பலமாக. கண்ணாடி ஒன்று, பாக்கி.'

அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. மனைவி காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் வேறு நகரத்தில் இருந்தான். சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் சரக்கு வண்டிகள் நிற்கும் இடம் தெரியும். எந்த வண்டி எத்தனை நிமிடத் தாமதம் என்பதை யாரும் கேட்காமலேயே அவர் சொல்லிவிடுவார். கேட்கவும் ஓர் ஆள் கிடைத்தது அவள் வந்த பிறகுதான். காலைப் பணி முடிந்து பிற்பகல் இரண்டேகால் மணிவாக்கில் அவள் படியேறும்போது அவர் கதவு திறந்திருக்கும். மேசைமேல் இரண்டு குவளைகளில் தேநீர் இருக்கும். பேச்சு பெரும்பாலும் சண்டையாகத்தான் தொடங்கும்.

"உன் வண்டி எதிர்ல கல்லு இருந்தா ஒதுங்கிப் போயிடும். என் வண்டி ஒதுங்குமா?"

"உங்க வண்டியில உங்ககிட்ட வந்து யாராவது சில்லறை கேட்டாங்களா? காலை மிதிச்சுட்டு, நீங்க ஏன் காலை அங்க வச்சீங்கன்னு கேட்டாங்களா?"

"அது சரி. அந்தக் கஷ்டம் எனக்கு இல்ல."

இப்படி எதையாவது ஒப்புக்கொண்ட பிறகுதான் தேநீரில் வாய் வைப்பார்.

மூன்றாவது மாதத்தில் ஐயா என்பது பெரியப்பா என்று மாறியது. முதல் முறை அப்படிக் கூப்பிட்டபோது அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"பெரியப்பான்னு ஆரம்பிச்சு, நாளைக்கு சொத்துல பங்கு கேப்ப."

"உங்ககிட்ட இருக்கற சொத்து அந்த முக்கோணக் கண்ணாடிதான். அதை நீங்களே வச்சுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா தொலைபேசியில் பேசுவார். மகள் சொல்லும் செய்திகளில் பாதிக்குமேல் கைகாட்டியைப் பற்றியே இருப்பது அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

"எழுபது தாண்டின ஆளோட தினமும் அப்படி என்னடி பேச்சு?"

"வண்டி லேட்டானதைப் பத்தி."

"அவருக்குக் கல்யாணம் ஆகாத பையன் யாராவது இருக்கானா?"

"பையன் இருக்கார். கல்யாணமாகி ரெண்டு குழந்தை."

"அப்புறம் என்னத்துக்குடி பேசுற?"

மணியைப் பற்றிய பேச்சு ஒன்று மட்டும் இந்தக் கதைக்கு அவசியம். அவளுடைய பேருந்தில் மணி எளிமையானது: ஒற்றை அடித்தால் நிறுத்து, இரட்டை அடித்தால் கிளம்பு. கேபின் மணி அப்படியில்லை. பக்கத்துக் கேபின்காரர் எத்தனை அடித்தாரோ அத்தனையையும் இவர் அப்படியே திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காத மணி கேட்காத மணிக்குச் சமம். வந்த மணிக்குப் பதில் கொடுக்காமல் தன் சேதியை அனுப்பவும் கூடாது. இதைச் சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார்.

"பதினோரு வருஷம் பக்கத்துக் கேபின்ல ஒரே ஆள். எல்லாப் பேச்சும் மணியிலதான். முகத்தைப் பாத்தது ஒரே தடவை, அவன் ரிட்டயரான அன்னிக்கு. அன்னிக்குத்தான் சொன்னான். ஒரு நாள் காலைல, சம்சாரம் தவறிட்டாங்கன்னு அவனுக்குச் சேதி வந்திருக்கு. மாத்து ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் உக்காந்து வேலை பாத்திருக்கான். நான் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்துப் பாத்தேன். அன்னிக்கு அவன் அடிச்சது ஒண்ணுகூடத் தப்பல."

"அதனால என்ன பெரியப்பா?"

"ஒண்ணுமில்ல. மணியில ஆள் தெரியாது. அவ்வளவுதான்."

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தபால் நிலைய வரிசையில் நின்றிருந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. விழவில்லை, முன்னால் நின்றவர் பிடித்துக்கொண்டார். மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஆனால் செய்தி மகன் காதுக்கு எட்டிவிட்டது. கட்டடங்களிலுள்ள மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்றளிப்பது மகனுடைய வேலை. எதையும் ஆட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, குறித்துக்கொள்ளும் ஆள். அடுத்த வண்டியிலேயே வந்து, அப்பா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

பெரியவருக்கு அங்கே போவதில் துளியும் விருப்பமில்லை. முன்பு ஒருமுறை மகன் வீட்டில் பத்தொன்பது நாள் இருந்து பார்த்திருந்தார். பதினோராவது மாடி, திறக்க முடியாத சன்னல், எல்லோரும் எட்டு மணிக்கு வெளியே போய் ஏழு மணிக்குத் திரும்பினார்கள். 'அங்க என்னை யாரும் தொந்தரவு பண்ணல. அதான் பெரிய தொந்தரவு' என்று அவளிடம் சொல்லியிருந்தார். தன் வீட்டில், தன் சன்னலருகே, தன் நேரப்படி இருப்பது ஒன்றைத் தவிர அந்த வயதில் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

கடைசியில் மகன் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். "தினமும் காலைல ஒருத்தர் நீங்க நல்லா இருக்கீங்களான்னு உறுதிப்படுத்திக்கணும். ஒரு நாள் தவறினாலும் வண்டியோட வந்து நிப்பேன். அப்ப பேச்சே கிடையாது."

திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவள் படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணா, நான் தினமும் இந்த வாசலைத் தாண்டித்தான் இறங்கறேன். அந்த வேலையை என்கிட்ட விடுங்க."

ஏற்பாடு எளிதாக அமைந்தது. கிளம்பும்போது அவள் அவர் வீட்டு அழைப்பு மணியை இரண்டு முறை அழுத்துவாள். அந்த நேரத்தில் அவர் சவரம் செய்துகொண்டிருப்பார். கையிலுள்ள பிளாஸ்டிக் குவளையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் இறங்கிப் போவாள். வார விடுமுறையன்று இதே காரியம் எட்டு மணிக்கு நடக்கும். எட்டு மாதம் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மகன் தொலைபேசியில் விசாரிப்பான். பெரியவர் பதிவேட்டைப் பார்த்து நிமிடக் கணக்கில் வாசித்துக் காட்டுவார்.

அக்டோபர் பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல் மணியை இரண்டு முறை அழுத்தினாள். வழக்கம்போல் இரண்டு தட்டு கேட்டது. படியிறங்கினாள். முதல் திருப்பத்தில் மேலேயிருந்து ஒற்றைத் தட்டு ஒன்று கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. சவரத் தூரிகையைத் தொட்டி விளிம்பில் தட்டி உதறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நேரமாகிவிட்டது. ஓடினாள்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பேருந்து இரண்டாவது நடையில் இருந்தது. கனத்த பையோடு ஒரு பெண் இறங்க வேண்டியிருந்ததால் அவள் ஒற்றை மணி அடித்தாள். ஓட்டுநர் நிறுத்தாமல் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு வண்டி நீளம் போய் நின்றார். பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் திட்டியபடியே இறங்க, இவள் முன்னால் போய் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தை மணி அடிச்சா நிறுத்தணும்னு தெரியாதா? காதை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தீங்களா?"

"கேட்டுச்சும்மா. ஆனா யாரோ தெரியாம கைய வச்சுட்டாங்கன்னு நினைச்சேன். நேரமாகுதேன்னு எடுத்துட்டேன்."

மேலே திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் படித் திருப்பத்தில் கேட்ட ஒற்றைத் தட்டு இரண்டும் இப்போதுதான் அவள் காதில் விழுந்தன. கைபேசியை எடுத்துப் பெரியவரை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு பூட்டுக்கடைக்காரரை அழைத்தாள்.

"கைகாட்டியா? காலைலேர்ந்து ஆளைக் காணோமே. இரு, லைன்லயே இரு." அவர் படியேறும் சத்தமும், கதவைத் தட்டும் சத்தமும் கேட்டன. பிறகு குரல் மாறியது. "உள்ளேர்ந்து ஒத்தை ஒத்தையா தட்டுற சத்தம் வருதும்மா."

"கதவை உடைங்கண்ணே!"

"உடைக்கறதா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

இரண்டே நிமிடத்தில் பூட்டைத் திறந்துவிட்டார். அதைப் பிற்பாடு பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

குளியலறைத் தரையில் விழுந்து பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தலையில் அடி இல்லை, நினைவும் தவறவில்லை. நான்கு மணி நேரம் ஈரத்தில் கிடந்ததால் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மறுநாள் அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. மகன் அன்று மாலையே வந்து சேர்ந்தான்.

பணியைப் பாதியில் மாற்றிவிட்டு வந்த அவள், மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு தட்டுக்குப் பிறகு விழும் சத்தம் எதுவும் கேட்கவில்லை; அப்படியென்றால் கீழே விழுந்து கிடந்த நிலையிலும் அவர் இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். இது மகனுக்குத் தெரிந்தால், அப்பாவுக்குப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டி, கையோடு அழைத்துப் போய்விடுவான், வீடு போய்விடும். தவறு தன்னுடையது என்று ஆகிவிட்டால் நிலைமை வேறு. தன்னைத் தூக்கிவிட்டு வேறு யாரையாவது அந்த வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். பெரியவர் அதே வீட்டில் இருக்கலாம்.

அதனால் மகன் கட்டிலருகே நின்று, "நீங்க இன்னிக்கு மணி அடிக்கலியா?" என்று கேட்டபோது அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"அடிக்கலண்ணா. நேரமாயிடுச்சு, மறந்து ஓடிட்டேன். முழுத் தப்பும் என்னோடதுதான்."

"பொய்" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். மருந்து மயக்கத்தில் இருக்கிறார் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "பதிவுல பொய் ஏறக்கூடாது. அஞ்சு இருபத்திரண்டுக்கு நான் விழுந்தேன். அஞ்சு நாப்பத்தொண்ணுக்கு இவ ரெட்டை அடிச்சா. நான் ரெட்டை தட்டினேன்."

"பெரியப்பா, நீங்க சும்மா இருங்களேன்!"

மகன் அப்பாவின் முகத்தருகே குனிந்தான். "கீழ விழுந்து கிடந்துட்டு, நல்லா இருக்கேன்னா தட்டினீங்க?"

"நல்லா இருக்கேன்னு தட்டல. கேட்டுச்சுன்னு தட்டினேன்."

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"முப்பத்து நாலு வருஷ வித்தியாசம். வந்த மணிக்கு முதல்ல பதில். அப்புறம்தான் நம்ம சேதி. கை தானா குடுத்துடுச்சு. குடுத்த பிறகுதான் எனக்கே உறைச்சது. உடனே இவ பாஷையிலயே, பஸ்காரங்க பாஷையில, ஒத்தை தட்டினேன். நிறுத்துன்னு. அதுக்குள்ள இவ வண்டியை எடுத்துட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல; ரெட்டை கேட்டா கிளம்பணும், அதான் அவ விதி. ரெட்டை குடுத்தவன் நான். தப்பு என்னோடது."

"இல்லண்ணா, ஒத்தை எனக்குக் கேட்டுச்சு" என்றாள் அவள். இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. "படித் திருப்பத்துல ரெண்டு தடவை கேட்டுச்சு. நான் நிக்கல. இதையே என் டிரைவர் செஞ்சா எழுதிக் குடுத்து வேலையை விட்டே தூக்கச் சொல்லியிருப்பேன். தப்பு என்னோடதுதான்."

"ஒத்தைக்கு முன்னாடி ரெட்டை குடுத்தது யாரு?"

"ரெட்டைக்கு அப்புறம் ஒத்தையைக் கேட்டது யாரு?"

குரல் உயர்ந்ததும் செவிலி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "இது ஆஸ்பத்திரி. நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்டுச் சண்டையை இங்கயும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

செவிலி போன பிறகு மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். குற்றத்தைத் தட்டிக் கழிக்கும் ஆட்களை அவன் தொழிலில் தினமும் பார்க்கிறான். தனக்கே வேண்டும் என்று இழுத்துக்கொள்ளும் இருவரைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. அப்பாவின் புத்தியில் கோளாறு இல்லை என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதானே.

"யார் தப்பா வேணா இருக்கட்டும். ஒரு நாள் தவறினாலும் வருவேன்னு சொன்னேன், வந்துட்டேன். இனிமே நீங்க என்கூடத்தான்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "உன் லிஃப்ட் ஒண்ணு நடுவுல நின்னுடுச்சுன்னா, கட்டடத்தையே இடிச்சுடச் சொல்வியா?"

மகன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டான். "இடிக்கச் சொல்ல மாட்டேன். ஏன் நின்னுச்சுன்னு பாப்பேன். சரிபண்ணச் சொல்வேன். மறுபடி சோதிச்சுப் பாத்து, தேறினா ஓட விடுவேன்."

"பின்ன?"

இந்த இடத்தில் அவள் குறுக்கிட்டாள். "அண்ணா, ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். பெரியப்பாவே என்கிட்ட சொல்லியிருக்கார், மணியில ஆள் தெரியாதுன்னு. சொன்னவரும் மறந்துட்டார், கேட்டவளும் மறந்துட்டேன். இனிமே பதிலுக்குத் தட்டினா போதாது. அவர் கதவைத் திறந்து முகத்தைக் காட்டணும். நான் பாக்கணும். பாக்காம படியில காலை வைக்க மாட்டேன். திறக்கலைன்னா உள்ள போக எனக்கு ஒரு சாவி குடுத்துடுங்க."

"உங்க வேலைக்கு நேரமாகாதா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுந்துக்கறேன்."

மகன் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டான். எலும்பு கூடும்வரை மூன்று மாதம் தன் வீட்டில் இருக்க வேண்டும். அதன் பிறகு மறுசோதனை. தேறினால் பார்க்கலாம் என்றான். இடிப்பு உத்தரவு இல்லை என்ற மட்டில் பெரியவருக்குத் திருப்திதான்.

அவர் இல்லாத நூற்று நான்கு நாளும் அவள் கதவை மெதுவாகவே சாத்தினாள். ஒரே ஒரு நாள், எதற்கென்று தெரியாமல், பலமாக அறைந்து சாத்திவிட்டுப் படியில் நின்று பார்த்தாள். யாரும் வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோராவது மாடியிலிருந்து அழைப்பு வரும். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றதெல்லாம் முதல் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்ற விசாரணைதான்.

ஜனவரிக் கடைசியில் நடைத்தாங்கியோடு திரும்பி வந்தார். மகனும் கூடவே வந்து ஒரு வாரம் தங்கி, தினமும் காலையில் கைக்கடிகாரத்தோடு நடைக்கூடத்தில் நின்றான். மணி அடித்ததிலிருந்து கதவு திறக்க முதல் நாள் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. நான்காம் நாள் ஒரு நிமிடம் நாற்பது. ஐந்தாம் நாள் கதவு திறந்தபோது அவள் இறங்காமல் நின்று உற்றுப் பார்த்தாள்.

"என்னம்மா, முகம்தான் தெரியுதே, கிளம்பு."

"இடது தாடைக்குக் கீழ ஒரு பட்டை அப்படியே விட்டிருக்கு பெரியப்பா. ரெண்டு நாளா பாக்கறேன்."

பெரியவர் தடவிப் பார்த்தார். இருந்தது. மகன் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "தேறிடுச்சு" என்றான். அன்று மாலை வண்டியில் ஊருக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பெரியவர் அந்த வீட்டில் இருந்தார். இடையில் அவள் நடத்துநர் வேலையிலிருந்து பணிமனையின் நேரக் காப்பாளராக உயர்ந்தாள். 'இப்பத்தான் உருப்படியா ஒரு வேலை கிடைச்சிருக்கு' என்று அவர் பதிவேட்டில் எழுதிக் கோடும் இழுத்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் கதவு திறக்கும். அரைகுறைச் சவரத்தோடு ஒரு முகம் தெரியும். காதோரம், மோவாய்க் குழி, மூக்கின் கீழே என்று எங்கே விட்டுப்போயிற்றோ அதை அவள் சொல்வாள். அவர் அங்கேயே நின்று கத்தியால் சரிசெய்துகொள்வார்.

"அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கித்தான் தொலைங்களேன். முழு முகமும் தெரியும்."

"இப்ப என்ன அவசரம்? பாக்கி எங்கயும் ஓடிடாது."

எழுபத்தேழாம் வயதில், ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் கதவு திறக்கவில்லை. அவள் இரண்டாம் முறை மணி அடித்தாள். ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு சாவியைப் போட்டாள். உறக்கத்திலேயே போயிருந்தார். முந்தின நாள் வரைக்கும் எல்லா வரிகளும் எழுதப்பட்டிருந்தன.

பத்து நாள் கழித்து மகனும் அவளும் சேர்ந்து வீட்டை ஒழித்தார்கள். தொட்டியின் மேலிருந்த முக்கோணத் துண்டைப் பூட்டுக்கடைக்காரர் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார். மகன் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான். ஆறு ஆண்டு வரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஓரத்தில் கோடு இருந்தது. குழாய், மருந்து, கடிதம், சரக்கு வண்டி எல்லாமே கடந்து போயிருந்தன. ஒரு வரிக்கு மட்டும் கோடு இல்லை.

"'கண்ணாடி ஒன்று, பாக்கி.' இது என்ன?"

அவள் சொன்னாள். மகன் கேட்டு முடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நீங்களே ஒரு கோடு இழுத்துடுங்களேன்."

"அவர் கேக்கவே இல்லையேண்ணா" என்றாள் அவள்.

பேனாவை மூடி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். பதிவேட்டை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள்.